அழுகாத பீச் உண்டா? – தோட்டக் கேள்வி பதில்

போன மாதம் என் வீட்டுப் பீச் மரத்தில் பாதிப் பழம் அழுகிப்போன கதையை இரண்டு வரி எழுதினேன். உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவீர்கள் என்று நினைத்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த மாதம் வாழை, மல்லிகை, கறிவேப்பிலை எல்லாவற்றுக்கும் விடுமுறை. பீச் மட்டும்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞானி இல்லை. தேனிப் பக்கம் பிறந்து, தாவரவியல் படித்து, கல்யாணமாகிக் கலிஃபோர்னியாவுக்கு வந்தவள். இங்கே ஒரு பீச் ஆராய்ச்சித் தோட்டத்தில் 11 கோடைகள் ஆய்வக உதவியாளராக இருந்தேன். வேலை என்ன தெரியுமா? நல்ல பழங்களுக்கு நோயைக் கொடுப்பது. சம்பளம் வாங்கிக்கொண்டு பழத்தை அழுகவிட்டவள் நான்.

அக்கா, எங்கள் கொல்லையில் ஒரு பீச் மரம் இருக்கிறது. நாளைக்குப் பறிக்கலாம் என்று இருக்கும்போது பழத்தில் ஒரு பழுப்புப் பொட்டு விழுகிறது. மூன்றாம் நாள் பழம் முழுக்கப் பழுப்பு, மேலே சாம்பல் தூவியதுபோல் பொடி. மரத்தைப் பிடுங்கிவிட்டு நோயே வராத ரகம் வைக்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். எந்த ரகம் வாங்குவது?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

மரத்தைப் பிடுங்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். நோயே வராத ரகம் எந்த நாற்றுப் பண்ணையிலும் கிடையாது. 'எதிர்ப்புத் திறன் உள்ளது' என்று அட்டை தொங்கினால், 'மற்றதைவிடக் கொஞ்சம் தேவலை' என்று படித்துக்கொள்ளுங்கள். நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கன்டெண்டர் என்ற ரகம் அப்படித் தேவலை ரகம். அதுவும் தொடர்ந்து நாலு நாள் மழை பிடித்தால் அழுகத்தான் செய்யும்.

உங்களுக்கு வந்திருப்பது பழுப்பு அழுகல். காரணம் மோனிலினியா என்ற பூஞ்சை. அமெரிக்காவில் பெரும்பாலும் மோனிலினியா ஃப்ரக்டிகோலா என்ற இனம். அந்தச் சாம்பல் பொடி முழுக்க அதன் வித்துகள். காற்று, மழைத் துளி, பூச்சி எது கிடைத்தாலும் ஏறிக்கொண்டு அடுத்த பழத்துக்குப் போய்விடும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் பழங்கள் என்றால் வாகனமே வேண்டாம்.

அழுகிய பழம் காய்ந்து சுருங்கிக் கிளையிலேயே தொங்கும். இங்கே அதை மம்மி என்பார்கள். குளிர்காலம் முழுக்கப் பூஞ்சை அதற்குள் தூங்கும். வசந்தத்தில் முதலில் பூவைப் பிடிக்கும், பூ கருகும். அப்புறம் பச்சைக் காயில் ஏறி, வெளியே எதுவும் தெரியாமல் பதுங்கிக்கொள்ளும். பழம் பழுக்கக் கடைசி இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது எழுந்து வரும். அதனால் உங்கள் வேலை ஜூலையில் இல்லை, ஜனவரியில். ஏணி போட்டு, மரத்தில் தொங்கும் ஒவ்வொரு மம்மியையும் பறித்து, கீழே கிடப்பதையும் பொறுக்கி, குப்பைத்தொட்டியில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். கருகிய குச்சிகளை வெட்டுங்கள். நடுவில் வெளிச்சமும் காற்றும் புகும்படி கவாத்து செய்யுங்கள். காய்களைக் கோலிகுண்டு அளவில் இருக்கும்போதே ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாகக் கிள்ளி எறியுங்கள். மனசு வராது, எனக்கும் வராது. போன வருஷம் மனசு வராமல் விட்டதால்தான் அந்த இரண்டு வரிக் கதையே.

நெல்லில் குலை நோய்க்கு எதிர்ப்பு மரபணுவைக் கண்டுபிடித்து நல்ல ரகத்தில் ஏற்றுகிறார்கள். பீச்சுக்கும் அப்படி ஒரு மரபணுவைப் பிடித்து ஏற்றினால் முடிந்தது அல்லவா? ஏன் இத்தனை வருஷம்?
– வேளாண் கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, நல்ல கேள்வி. நானும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதையேதான் கேட்டேன், சிரித்தார்கள்.

குலை நோயில் சில மரபணுக்கள் தனியாளாக நின்று தடுக்கும். பீச் அழுகலில் இதுவரை அப்படி ஒரு தனியாள் சிக்கவில்லை. கொஞ்சம் தோல், கொஞ்சம் சதை, கொஞ்சம் பழுக்கும் காலம் என்று பல சிறு தடைகள் சேர்ந்துதான் ஒரு பழம் தப்பிக்கிறது. இத்தாலியில் கன்டெண்டரையும் எலிகன்ட் லேடி என்ற ரகத்தையும் கலந்து, பிறந்த மரங்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். தோலின் எதிர்ப்புக்கும் சதையின் எதிர்ப்புக்கும் குரோமோசோமில் வேறு வேறு இடங்கள் என்று தெரிந்தது. பீச்சுக்கு இருப்பதே 8 ஜோடிக் குரோமோசோம். அதன் முழு மரபணுத் தொகுதியையும் 2013இல் படித்து வெளியிட்டாயிற்று. வரைபடம் கையில் இருக்கிறது, நடக்க வேண்டிய தூரம் அப்படியே இருக்கிறது.

இந்தக் கதையின் நாயகன் பிரேசில்காரன். பெயர் போலின்யா. போர்ச்சுக்கீசிய மொழியில் 'குட்டிப் பந்து' என்று அர்த்தம். உருண்டையாக, சின்னதாக, சதை கொட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பழம். மற்ற ரகங்கள் அழுகும்போது இது மட்டும் தாங்குவதைக் கவனித்தார்கள். கலிஃபோர்னியாவில், டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1987இல் கட்டுரையே வந்தது. வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் தோல் தடிமன், அதன்மேல் மெழுகுப் படலமும் தடிமன்.

ஆனால் தடிமன் மட்டும் கதை இல்லை. எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். அந்தத் தோலில் குளோரோஜெனிக் அமிலம் நிறைய இருந்தது. உங்கள் வீட்டுச் சமையலறையிலும் இந்த அமிலம் இருக்கிறது. கத்திரிக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப்போகிறதே, அம்மா அதனால்தானே தண்ணீரில் போடுகிறார்கள்? அந்தக் கறுப்புக்கு முக்கியக் காரணம் இதே அமிலம். காப்பிக்கொட்டையிலும் இருக்கிறது.

இது பூஞ்சையைக் கொல்லும் என்றுதான் நானும் நினைத்தேன். கொல்வதில்லை. அமிலத்தை ஊற்றினாலும் வித்து முளைக்கிறது, இழை வளர்கிறது. பின்னே என்ன செய்கிறது? பழத்தின் மெழுகுத் தோலைக் கரைத்து உள்ளே நுழைய மோனிலினியா ஒரு நொதியைச் சுரக்கும். கியூட்டினேஸ் என்று பெயர். அமிலம் அந்த நொதியின் உற்பத்தியைக் குறைக்கிறது. திருடனை அடிக்கவில்லை, அவன் கன்னக்கோலைப் பிடுங்கிக்கொள்கிறது. டேவிஸில் 1990களில் இதைக் கண்டுபிடித்தார்கள். பழம் பழுக்கப் பழுக்க இந்த அமிலம் குறைந்துகொண்டே வரும். எடிசன் சகோதரியின் பழம் கடைசி வாரத்தில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அமிலம் நிறைய உள்ள மரத்தை நல்ல ரகத்தோடு கலந்துவிடலாமே? கலந்தார்கள். போலின்யாவின் பிள்ளைகளுக்கு எதிர்ப்பு வந்தது. கூடவே பழம் சின்னதானது, பழுக்கும் முன் உதிர்ந்தது, நறுக்கினால் கத்திரிக்காய்போல் பழுப்பேறியது. கலிஃபோர்னியாவின் டப்பாப் பழத் தொழிலுக்கு மஞ்சள் துண்டு மஞ்சளாகவே இருக்க வேண்டும். டப்பாவைத் திறந்தால் பழுப்புத் துண்டு கிடந்தால் யார் வாங்குவார்கள்? எங்களிடம் ஒரு மரம் இருந்தது. எண்ணைச் சொல்ல மாட்டேன், நாங்கள் வைத்த பெயர் 'கல்'. மூன்று வருஷம் அதில் நோயே ஏறவில்லை. யாரும் அதன் பழத்தை இரண்டாவது கடி கடிக்கவும் இல்லை.

பெரிசாக, சாறாக, தோல் மெல்லிசாக, துவர்ப்பு இல்லாமல் வேண்டும் என்று நாம் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துவிட்டோம். பூஞ்சைக்கும் அதே ருசிதான். நாம் களைந்து எறிந்ததில்தான் எதிர்ப்பு இருக்கிறது. அதை மட்டும் பிரித்து மீட்க, நல்ல ரகத்தோடு கலந்து, பிள்ளைகளில் தேறியதை எடுத்து மறுபடி நல்ல ரகத்தோடு கலக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் 3, 4 வருஷம். ஒரு புதிய பீச் ரகம் வெளிவர 15 வருஷம் ஆவது சாதாரணம். நெல்லில் வருஷத்துக்கு இரண்டு போகம் பார்க்கிறீர்கள், தம்பி. பீச்சில் ஒரு ஆராய்ச்சியாளர் பணி ஓய்வுக்குள் நாலைந்து சுற்று பார்த்தால் அதிர்ஷ்டம்.

நோய் எதிர்ப்பு இருக்கிறதா இல்லையா என்று எப்படிச் சோதிப்பீர்கள்? தோட்டத்தில் எந்த மரம் அழுகவில்லை என்று பார்த்தால் தெரியாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

தெரியாது, ஐயா. அழுகாத மரம் எதிர்ப்பால் தப்பியதா, அதன்மேல் வித்து விழாமல் தப்பியதா, மழைக்கு முன்பே பழுத்து முடித்ததா என்று தோட்டத்தில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. ஜூனிலேயே பழுக்கும் ரகங்கள் பல நேரம் இப்படித்தான் நல்ல பெயர் வாங்கிவிடும். அதனால் எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு மரத்திலிருந்தும் அடிபடாத பழமாகப் பறித்து வருவோம். நீர்த்த பிளீச்சில் முக்கிக் கழுவி உலர்த்தி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்குவோம். பூஞ்சை வித்துகளை நீரில் கலந்து, ஒரு மில்லிலிட்டருக்கு 25,000 வித்து என்று எண்ணி வைத்துக்கொள்வோம். நுண்ணோக்கிக்கு அடியில் கட்டம் போட்ட கண்ணாடியில் எண்ண வேண்டும், முதல் வருஷம் கனவிலும் எண்ணினேன். ஒவ்வொரு பழத்தின் மேலும் 10 மைக்ரோலிட்டர், அதாவது குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளி. பாதிப் பழங்களில் தோலை அப்படியே விட்டுத் துளி வைப்போம். மீதிப் பாதியில் ஊசியால் குத்திவிட்டு வைப்போம். பெட்டியை மூடி, ஈரம் போகாமல், 25 டிகிரி சூட்டில் 3 நாள். அப்புறம் புண்ணின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளப்போம்.

குத்தியது, குத்தாதது என்று ஏன் இரண்டு? குத்தாத பழம் தப்பி, குத்திய பழம் அழுகினால் காவல் தோலில் இருக்கிறது. இரண்டுமே மெதுவாக அழுகினால் சதையிலும் ஏதோ இருக்கிறது. இரண்டாவது வகை அபூர்வம். அப்படி ஒன்று வந்தால் அன்று ஆய்வகத்தில் சத்தம் கேட்கும்.

கஷ்டம் எங்கே தெரியுமா? பழுத்த பதத்தில். காயைச் சோதித்தால் எல்லா மரமும் தேறிவிடும். பழமோ ஒவ்வொரு மரத்திலும் ஒவ்வொரு நாள் பழுக்கும், ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் வரை. கடினத்தை அளக்கக் கருவி இருந்தது, நிறத்தை அளக்கவும் இருந்தது. இருந்தாலும் எங்கள் தோட்டத்தில் ஒரு மெக்சிகோக்காரத் தாத்தா இருந்தார். பழத்தைக் காம்போடு லேசாக ஏந்திப் பார்த்து 'நாளைக்கு' என்பார். கருவியும் மறுநாள் அதையேதான் சொல்லும்.

ஒரு வருஷம் மானம் போயிற்று. பூஞ்சையே இல்லாமல் வெறும் தண்ணீர்த் துளி வைத்த பெட்டி ஒன்று எப்போதும் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க. மூன்றாம் நாள் திறந்தால் அந்தப் பெட்டியிலும் ஆறு பழம் பழுப்பு! நான் துளியை மாற்றி வைத்துவிட்டேன் என்றே முடிவு கட்டினார்கள். பிறகு பார்த்தால் புண் எதுவும் துளி வைத்த இடத்தில் இல்லை, பக்கவாட்டில் இருந்தது. அந்த வசந்தத்தில் மழை அதிகம். பச்சைக் காயிலேயே ஏறிப் பதுங்கியிருந்த பூஞ்சை அது. பிளீச் தோலின் மேலே இருப்பதைத்தான் கொல்லும். அந்த வாரத்துக் கணக்கு முழுதும் குப்பைக்குப் போயிற்று. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

ஒரே வருஷச் சோதனையை நம்பவும் முடியாது. இந்த வருஷம் முதல் மதிப்பெண் வாங்கிய மரம் அடுத்த வருஷம் ஃபெயிலாகும். மூன்று வருஷமாவது தொடர்ந்து தேறினால்தான் பெயரைக் குறித்துக்கொள்வார்கள்.

பீச் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு பாதாம் மாதிரியே இருக்கிறதே. இரண்டும் சொந்தமா?
– வாசகி, மதுரை

சொந்தம்தான், ஒரே பேரினம். ஒன்றில் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையை எறிகிறோம், மற்றதில் சதையை எறிந்துவிட்டுக் கொட்டைக்குள் இருப்பதைத் தின்கிறோம். இரண்டையும் கலக்க முடியும். டேவிஸில் டாம் கிராட்சியல் என்ற இனவிருத்தியாளர் பாதாமின் மரபணுக்களைப் பீச்சுக்குள் கொண்டுவந்து, திரும்பத் திரும்பப் பீச்சோடு கலந்து, அதிலும் அழுகல் எதிர்ப்பைத் தேடினார். போலின்யா வழியில் பெரும்பாலும் தோல்தான் காவல் என்பதால், வேறு வழிக் காவலுக்காகப் பாதாமிடம் போனார்கள். முதல் தலைமுறைப் பழம் தின்ன லாயக்கில்லை, பல தலைமுறை தள்ள வேண்டும்.

பீச் கொட்டையின் பருப்பைத் தின்றுவிடாதீர்கள். அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

கடையில் வாங்கிய நல்ல பீச்சின் கொட்டையை நட்டால் அதே பழம் வருமா?
– 8ஆம் வகுப்பு மாணவி, சிங்கப்பூர்

வராது கண்ணு. நீயும் உன் அம்மாவும் ஒரே மாதிரியா இருக்கிறீர்கள்? அதனால்தான் நல்ல ரகத்தை ஒட்டுப் போட்டுப் பெருக்குகிறார்கள். புது ரகம் வேண்டுமென்றால்தான் கொட்டை. ஈரமான மண்ணோடு ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று மாதம் குளிரவைத்தால் முளைக்கும். முளைத்தாலும் சிங்கப்பூர் வெயிலில் பூக்காது, பீச்சுக்குக் குளிர்காலம் வேண்டும். முளைப்பதைப் பார்க்கவே ஆசை என்றால் செய்து பார், எனக்கு எழுது.

இவ்வளவு பாடு எதற்கு? நல்ல மருந்து அடித்தால் போதாதா?
– விவசாயி, ஓசூர்

அடிக்கிறார்கள். ஜார்ஜியா, சவுத் கரோலினா மாதிரி ஈரமான ஊர்களில் மருந்தே இல்லாமல் வியாபாரத்துக்குப் பீச் வளர்ப்பது மிகக் கடினம். பூக்கும்போது தெளிப்பு, பழுக்கும் முன் மறுபடி தெளிப்பு. ஆனால் பூஞ்சையும் பாடம் படிக்கும். பெனோமில் என்ற பூஞ்சைக்கொல்லி வந்தபோது கொண்டாடினார்கள். 1970களிலேயே அதற்கு அசையாத மோனிலினியா வந்துவிட்டது. அப்புறம் புரோப்பிகோனசோல் வகை. 2000களில் ஜார்ஜியாவில் அதற்கும் பழகிவிட்டது. ஒரே மருந்தை அடுத்தடுத்து அடிக்காமல் மாற்றி மாற்றி அடிக்கச் சொல்வது இதனால்தான். உங்கள் தக்காளிக்கும் இது பொருந்தும்.

எதிர்ப்பு ரகம் என்றால் மருந்தே வேண்டாம் என்று யாரும் கனவு காணவில்லை. ஐந்து தெளிப்பு இரண்டாகக் குறைந்தாலே விவசாயிக்கு லாபம்.

இங்கே சந்தையில் நெக்டரின் வாங்கினால் இரண்டாம் நாளே அழுகுது. பீச் கொஞ்சம் தாங்குது. இரண்டும் வேறு வேறு பழமோ?
– வாசகர், பாரிஸ்

ஒரே பழம்தான். நெக்டரின் என்பது மயிர் இல்லாத பீச். ஒரேயொரு மரபணு மாற்றம். மயிர் போனதால் அழகு வந்தது. ஆனால் மழமழவென்று தெரியும் அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும். உங்கள் நாட்டில் அவிஞோன் ஆராய்ச்சி நிலையத்தார் இதை அழகாகக் காட்டியிருக்கிறார்கள். காயை அதிகம் கிள்ளி, தண்ணீர் தாராளமாய்ப் பாய்ச்சினால் பழம் வேகமாய்ப் பெருக்கும். தோல் ஈடுகொடுக்காமல் நுண்ணிய வெடிப்புகள் விடும். பூஞ்சைக்குக் கன்னக்கோலே தேவையில்லை, திறந்த வாசல். பார்வைக்கு ஆகப் பெரிசாய் இருக்கும் நெக்டரினை விட்டுவிட்டு நடுத்தரமானதை வாங்கிப் பாருங்கள்.

எடிசன் சகோதரியைக் காய் கிள்ளச் சொன்னதும் இதுவும் முரண் என்று யாராவது எழுதுவீர்கள். முரண்தான். தொட்டுக்கொண்டிருந்தால் பரவும், ரொம்பக் கிள்ளினால் வெடிக்கும். நடுவில் நிற்க வேண்டும்.

வாங்கியதை உடனே தின்றுவிடுங்கள். ஃப்ரிட்ஜில் ஓரிரு நாள் சரி, வாரக்கணக்கில் வைத்தால் அழுகாவிட்டாலும் சதை மாவாய்ப் போகும். 2 முதல் 8 டிகிரி வரை பீச்சுக்கு ஆகாத குளிர்.

அந்தப் போலின்யாவை நீங்கள் தின்று பார்த்தீர்களா?
– அதே தஞ்சாவூர் ஆசிரியர், இரண்டாவது அஞ்சலட்டையில்

அசல் போலின்யாவைத் தின்றதில்லை, ஐயா. அதன் பேரன் பேத்திகள் நிறையத் தின்றிருக்கிறேன். 'கல்'லையும் தின்றேன், எல்லாரும் துப்பியபோது நான் மட்டும் முழுசாக. பல்லில் நெல்லிக்காய்த் துவர்ப்பு, கடைசியில் லேசாக ஒரு இனிப்பு. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொண்டால் மோசமில்லை. வேலையை விட்ட வருஷம் அதில் ஒரு கூடை கேட்டேன். சோதனைப் பழத்தை வெளியே கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஊறுகாய் போட்டுப் பார்க்கத்தான் கேட்டேன்.